கட்டிலிருந்து ஒரு தாள்: காப்புரிமைத் தலைமைக் கட்டுப்பாட்டாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காப்புரிமை (பேட்டன்ட்) தலைமைக் கட்டுப்பாட்டாளர் அவர்களுக்கும், சென்னை கிண்டி அலுவலகத்தில் எந்திரவியல் விண்ணப்பங்களைப் பரிசோதிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் சிவகாசியில் ஆப்செட் மிஷின் மெக்கானிக். முப்பது வருடத்துக்கு மேலாக இதே வேலை. அதிலும் என் கை அதிகம் படிந்தது ஃபீடரில்தான். பட்டறையில் ஏற்கெனவே புழங்குகிற ஒன்றுக்கு யாராவது காப்புரிமை கேட்டால், அந்தப் புழக்கத்தையும் சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். சட்டம் நான் படித்ததில்லை. இந்த மடலில் வரும் பிரிவு எண்களையெல்லாம் வக்கீலாக இருக்கும் என் அக்கா மகள் பார்த்துச் சொன்னாள். கருத்து மட்டும் என்னுடையது, அதில் தப்பு இருந்தால் அவளைத் திட்ட வேண்டாம்.

முதலில் ஃபீடர் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டுத் தாள் இருக்கிறது. அதிலிருந்து மேல்தாளை மட்டும் எடுத்து மிஷினுக்குள் அனுப்ப வேண்டும். இரண்டு சேர்ந்து வரக்கூடாது, வராமலும் போகக்கூடாது. மணிக்குப் பத்தாயிரம் தாள் ஓடுகிற மிஷினில் இதை நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை செய்தாக வேண்டும். பின்பக்கமிருந்து காற்றை ஊதி மேலே உள்ள சில தாள்களை இளக்குவார்கள். சக்கர், அதாவது காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் வாய், இறங்கி மேல்தாளைக் கவ்வித் தூக்கும். அடியில் ஒட்டிக்கொண்டு வரப்பார்க்கும் இரண்டாம் தாளை ஒரு பிரஷ்ஷோ மெல்லிய ஸ்பிரிங் தகடோ தடுத்து நிறுத்தும். அப்புறம் இன்னொரு ஜோடி சக்கர் அதை வாங்கி முன்னால் தள்ளும். எல்லாவற்றையும் மீறி டபுள் ஷீட் வந்துவிட்டால் மிஷினை நிறுத்த ஒரு டிடெக்டர். அதுவும் விட்டுவிட்டால் தாளில் மை பதிக்கும் ரப்பர் விரிப்பான பிளாங்கெட் அமுங்கும், அன்றைய ராத்திரி ஷிப்ட் போச்சு.

கேட்க எளிதாக இருக்கிறதா? காகிதம் உயிருள்ளது மாதிரி. சிவகாசிக் காற்று வறண்டது. இந்த ஊரில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் வேரூன்ற அதுவும் ஒரு காரணம். ஆனால் வறண்ட காற்றில் ஆர்ட் பேப்பர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கும். ஐப்பசி மழை இறங்கினால் அதே தாளின் ஓரம் அலை அலையாக எழும்பும். சாதாரண அச்சுத்தாளான மேப்லித்தோவுக்கு வைத்த காற்று ஆர்ட் பேப்பருக்கு ஆகாது, அதற்கு வைத்தது தடித்த போர்டுக்கு ஆகாது. ஆகவே இந்த ஊரில் ஃபீடர்மேன் ஒவ்வொருவனும் தினமும் எதையாவது கண்டுபிடித்துக்கொண்டுதான் இருக்கிறான். அவன் அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்லமாட்டான். ‘சமாளிப்பு’ என்பான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் நண்பர் ஒருவருக்கு இங்கே சிறிய லேத் பட்டறை. பழைய மிஷின்களுக்கு ஃபீடர் சாமான் செய்து கொடுப்பவர். ஒரு நாள் அவருக்கு வெளியூர் எந்திர நிறுவனம் ஒன்றிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. கட்டின் பின்மூலைகளில் வளையக்கூடிய கீற்றுகளை வைப்பது, சக்கர் தூக்கும் நேரத்துக்கு ஏற்றபடி காற்றை வால்வு வைத்து விட்டுவிட்டு ஊதுவது, இவ்விரண்டும் சேர்ந்த அமைப்புக்குத் தாங்கள் காப்புரிமை கோரியிருப்பதாகவும், அவர் அதைச் செய்து விற்பதை நிறுத்த வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். கோரிக்கைதான் இருந்தது, காப்புரிமை இன்னும் கொடுக்கப்படவில்லை. ஆனால் தடித்த காகிதத்தில் ஆங்கிலத்தில் வந்த கடிதத்தைக் கண்டதும் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தக் கீற்றை நான் தொழிலுக்கு வந்த வருடமே பார்த்திருக்கிறேன். பழைய எக்ஸ்ரே ஃபிலிமை விரல் அகலத்துக்கு வெட்டி, கட்டின் மூலையில் லேசாக அழுந்துகிற மாதிரி திருகி வைப்போம். ஃபிலிம் கிடைக்காதபோது தேய்ந்த ஹேக்சா பிளேடு. காற்றை விட்டுவிட்டு ஊதும் வால்வு பல மிஷின்களில் தயாரிப்பாளர் வைத்தே வரும். இரண்டையும் ஒரே மிஷினில் வைத்துக்கொள்ளாத பிரஸ்ஸை எங்கள் தெருவில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் நிரூபிப்பது எப்படி? இங்கேதான் என் சிரிப்பு நின்றது. எக்ஸ்ரே ஃபிலிம் வெட்டியதற்கு யார் பில் வைத்திருப்பார்கள்? அதை யாரும் பத்திரிகையில் எழுதவில்லை, படம் வரைந்து வைக்கவில்லை. சொல்லிக் கொடுத்த ஆசான் இறந்து பல வருடம் ஆயிற்று.

எனக்கும் காப்புரிமை ஆசை ஒரு காலத்தில் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டபுள் ஷீட்டைக் கண்டுபிடிக்கும் உருளைக்குக் கீழே உள்ள இடைவெளியைத் தாளின் தடிமனுக்குத் தக்கபடி ஒவ்வொரு முறையும் கையால் வைக்க வேண்டியிருக்கும். முதல் தாளைத் தானே அளந்து வைத்துக்கொண்டு, அதைவிடத் தடிமனாக வந்தால் மிஷினை நிறுத்துகிற மாதிரி ஒன்று செய்தேன். பெருமையாக விண்ணப்பித்தேன். பரிசோதனை அறிக்கையில் இரண்டு வெளிநாட்டு ஆவணங்களைக் காட்டியிருந்தார்கள். ஒன்று ரூபாய் நோட்டு எண்ணும் மிஷின் வகை, மற்றது நகல் எடுக்கும் மிஷின். இவற்றைத் தெரிந்த ஒருவருக்கு உங்கள் யோசனை எளிதில் தோன்றியிருக்கும், ஆகவே காப்புரிமை தர முடியாது என்பது அறிக்கையின் சாரம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நோட்டு எண்ணுகிற மிஷினுக்கும் நாற்பது அங்குல ஆப்செட்டுக்கும் என்ன சம்பந்தம்?

அடுத்த வாரம் பேங்கில் வரிசையில் நின்றபோது அந்த மிஷினை உற்றுப் பார்த்தேன். கட்டிலிருந்து ஒவ்வொரு நோட்டாகப் பிரிக்கிறது. இரண்டு சேர்ந்து வந்தால் நிற்கிறது. அட, அதே வேலை! அறிக்கை எழுதியவர் செய்தது நியாயம்தான் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. பதில் தர இருந்த ஆறு மாதத்தை அப்படியே விட்டுவிட்டேன், விண்ணப்பம் கைவிடப்பட்டதாயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் வாழ்நாளில் கண்ணால் பார்த்திராத ஒரு வெளிநாட்டு நோட்டு மிஷின் ஆவணத்தை, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு என் விண்ணப்பத்தை எடைபோட்டீர்கள். சரி. அப்படியானால் சிவகாசியில் முப்பது வருடமாக மிஷினில் தொங்குகிற எக்ஸ்ரே கீற்றை அந்த நிறுவனத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றுதானே வைத்துக்கொள்ள வேண்டும்? காகிதத்தில் இருக்கிற அறிவுக்கு ஒரு எடைக்கல், மிஷினில் இருக்கிற அறிவுக்கு வேறு எடைக்கல் என்று இருக்கலாமா?

சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்கிறாள் அக்கா மகள். 1970-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 25(1)(e) பிரிவில், ஒரு கோரிக்கை எளிதில் தோன்றக்கூடியது என்று எதிர்ப்பவர், அச்சில் வெளிவந்தவற்றைக் காட்டலாம். அல்லது முன்னுரிமைத் தேதிக்கு (அந்தக் கோரிக்கைக்குக் கணக்கில் எடுக்கும் தேதிக்கு) முன் இந்தியாவில் பயன்பாட்டில் இருந்ததைக் காட்டலாம். ‘அல்லது’ என்றுதான் இருக்கிறது. பயன்பாடு என்பது இரண்டாந்தரச் சாட்சி என்று எங்கேயும் இல்லை. கொடுத்துவிட்ட காப்புரிமையை ரத்து செய்வதற்கான 64(1)(f) பிரிவிலும் இந்தியாவில் பொதுவில் பயன்பட்டது என்பது இருக்கிறது. இன்னும் 3(f) என்று ஒன்று. தெரிந்த கருவிகளைச் சும்மா அடுக்கிவைப்பதும், மாற்றி அடுக்குவதும், ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குத் தெரிந்த விதத்தில்தான் இயங்குகிறது என்றால், கண்டுபிடிப்பே ஆகாது. கீற்று தன்பாட்டுக்குத் தடுக்கிறது, வால்வு தன்பாட்டுக்கு ஊதுகிறது.

உச்ச நீதிமன்றமும் இந்த வழியில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1978 டிசம்பரில் வந்த பிஷ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் வழக்கின் தீர்ப்பை அக்கா மகள் எனக்குப் படித்துக் காட்டினாள். மிர்சாபூரில் பாத்திரம் செய்கிற இரண்டு தரப்புக்கு இடையே சண்டை. கடைசல் எந்திரத்தில் பாத்திரம் நழுவாமல் பிடித்துக்கொள்ளும் அமைப்புக்கு ஒரு தரப்பு காப்புரிமை வைத்திருந்தது. எதிர்ப்பக்கம் கூர்முனை கொண்ட ஒரு தண்டை வைத்துப் பாத்திரத்தை அழுத்திப் பிடிப்பதுதான் அதில் புதிது என்றார்கள். கடைசல் பட்டறைக்கு ஒருமுறை போய் வந்தவனுக்குக்கூட அந்தத் தண்டு தெரியும். இது பட்டறையில் செய்கிற சில்லறைத் திருத்தம், கண்டுபிடிப்பு அல்ல என்று சொல்லி நீதிமன்றம் காப்புரிமையைச் செல்லாததாக்கியது. ஃபீடர் சண்டைகளில் பாதியை இந்த ஒரு தீர்ப்பே முடித்துவைக்கும்.

அந்தத் தீர்ப்பில் ஒரு வரி மட்டும் எனக்கு முள்ளாகக் குத்துகிறது. முன்பிருந்த ஆவணத்தைத் தேர்ந்த கைவினைஞர் ஒருவரிடம் கொடுத்தால், தீர்வு என்னவென்று தெரியாத அவர், ‘எனக்கு வேண்டியது இதில் இருக்கிறதே’ என்று சொல்லியிருப்பாரா என்பது சோதனை. நல்ல சோதனை. ஆனால் அடைப்புக்குறிக்குள், வெறும் தொழிலாளியிலிருந்து வேறுபட்ட பொறியாளர் என்ற பொருளில் ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். இந்த இரண்டில் நான் யார்? என் நண்பர் யார்? டிப்ளமோகூட இல்லாத ஃபீடர்மேன், காற்றின் சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரில் ரப்பர் கிழிந்திருக்கிறது என்று சொல்லுவான். பட்டம் வாங்கி வந்தவருக்கு அதே ஃபீடர் முன்னால் நின்றால் ஒரு மாதம் ஒன்றும் புரியாது. சட்டம் தேடுகிற ‘துறையறிந்த நபர்’ இந்தத் தொழிலில் யார் என்பதை, விண்ணப்பத்தை எழுதும் வக்கீல் தீர்மானிக்க விடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோளின் பாதி.

அமெரிக்காவில் 1966-ல் வின்ஸ்லோ என்று ஒரு வழக்கு. இதுவும் கிட்டத்தட்ட நம் தொழில்தான். பிளாஸ்டிக் பைகளைத் தட்டையாக அடுக்கி, மடிப்பில் இருக்கும் துளைவழியே ஊசியில் கோத்து, மேலே உள்ள பையைக் காற்றால் ஊதித் திறக்கிற எந்திரம். பழைய எந்திரம் ஒன்றில் காற்று பையைத் திறந்தது, ஆனால் ஊசி இல்லை. வேறொன்றில் உறைகளை ஊசியில் கோத்திருந்தார்கள். இரண்டையும் சேர்ப்பது எளிதில் தோன்றுவதே என்று தீர்ப்பானது. அதை எழுதிய நீதிபதி ஜைல்ஸ் ரிச். அமெரிக்காவின் 1952 காப்புரிமைச் சட்டத்தை வகுத்தவர்களில் ஒருவர். அவர் ஒரு சித்திரம் தீட்டினார்: கண்டுபிடிப்பாளர் தன் பட்டறையில் வேலை செய்கிறார், அவரைச் சுற்றிச் சுவரெங்கும் அந்தத் துறையின் பழைய காப்புரிமைகள் தொங்குகின்றன.

அழகான படம்தான். ஆனால் நான் பார்த்த எந்தப் பட்டறைச் சுவரிலும் காப்புரிமை தொங்கியதில்லை. முருகன் காலண்டர் தொங்கும், ஸ்பானர் தொங்கும், பேருக்கு ஒரு பெல்ட் தொங்கும். அறிவு இருப்பது இழுப்பறையில், கிரீஸ் படிந்த டப்பாவுக்குள், வெட்டிவைத்த ஃபிலிம் கீற்றாக. அந்தச் சுவரில் ஓர் ஆணி அடித்து இதையும் மாட்டுங்கள் என்கிறேன்.

ஆவணம் இல்லாத பயன்பாட்டை நீதிமன்றம் நம்புமா என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்தில் ஒரு கதை இருக்கிறது. பாய்மரப் பலகைக்கு ஒரு நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. 1958-ல் ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் தானே ஒன்றைச் செய்து கடலில் விளையாடியிருக்கிறான். அந்த விளையாட்டும் கணக்கில் சேர, 1985-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காப்புரிமை செல்லாது என்றது. சின்னப் பையன் விளையாடியதே சாட்சியாக நிற்கும்போது, முப்பது வருடம் சோறு போட்ட கீற்று நிற்காதா?

மறுபக்கமும் உண்டு. பார்த்த பிறகு எல்லாமே எளிதாகத்தான் தெரியும். விடுகதைக்கு விடை தெரிந்ததும் ‘இது தெரியாதா’ என்போமே, அந்த மாதிரி. மிஷின்காரர்களாகிய எங்களுக்கு இந்த வியாதி கொஞ்சம் அதிகம். எதைக் காட்டினாலும் ‘இதை நாங்கள் அப்போதே செய்தோம்’ என்போம். எல்லாவற்றையும் நம்பிவிடாதீர்கள்.

ஹைடல்பெர்க் விண்ட்மில் என்ற அச்சு மிஷினை எடுத்துக்கொள்வோம். இன்றும் எங்கள் ஊரில் நம்பர் அடிக்கவும் டை கட்டிங்குக்கும் ஓடுகிறது. 1914-ல் ஜெர்மனியின் லைப்சிக் கண்காட்சியில் காட்டப்பட்ட எந்திரத்தின் வழிவந்தது. அதுவரை டிரெடில் என்ற கையால் தாள் கொடுக்கும் அச்சு மிஷினில் ஒரு கையால் தாள் வைத்து மறுகையால் எடுப்பார்கள், விரல் போனவர்கள் எத்தனையோ பேர். விண்ட்மில்லில் ஒரே அச்சில் சுழலும் இரண்டு கைகள். ஒரு கை புதுத் தாளை உள்ளே கொண்டுபோகும்போது, மறு கை அச்சான தாளை வெளியே கொண்டு வைக்கிறது. தாளைக் கவ்வும் கிரிப்பர் அப்போது தெரியாத பொருளா? சக்கர், சுழலும் அச்சு எல்லாம் தெரிந்தவைதான். ஆனால் இதில் எதுவும் தன்பாட்டுக்கு இயங்கவில்லை. ஒரு கை விடுகிற நேரம் மறு கை கவ்வுகிற நேரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒன்றைக் கழற்றினால் மொத்தமும் பாழ். டிரெடிலில் பழகிய ஒருவனுக்கு அது எளிதில் தோன்றியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். என் கீற்றையும் வால்வையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும். கீற்றைக் கழற்றினாலும் வால்வு ஊதிக்கொண்டே இருக்கும்.

தேதியையும் மறக்கக்கூடாது. டபுள் ஷீட்டை ஒளியால் கண்டுபிடிக்கும் சென்சார், தாளில் அடர்த்தியாக அச்சு இருந்தால் ஏமாறும். கேளா ஒலியை அனுப்பினால் ஏமாறாது, ஏனென்றால் இரண்டு தாளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய காற்று ஒலியைப் பெருமளவு தின்றுவிடும், நிறத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. இதை முதன்முதலில் யோசித்தவருக்கு என் கும்பிடு. இன்றைக்கு ஒருவர் ஒளியைக் கழற்றி ஒலியை மாட்டிவிட்டுக் காப்புரிமை கேட்டால், அது கடையில் வாங்கி மாட்டுகிற வேலை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007-ல் கேஎஸ்ஆர் வழக்கில் சொன்னதும் இந்த வகைதான். அங்கே தகராறு காரின் ஆக்சிலரேட்டர் பெடலில் எலக்ட்ரானிக் சென்சார் மாட்டுவது பற்றி. துறையறிந்தவர் ஒன்றும் சாவி கொடுத்தால் ஆடும் பொம்மை இல்லை, அவருக்கும் சாதாரண அளவில் சொந்த யோசனை உண்டு என்றார்கள். ஃபீடர்மேனைப் பற்றி அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

இனி நடைமுறைக்கு வருகிறேன். காப்புரிமை இதழ் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருகிறது. அதை இங்கே யார் படிக்கிறார்கள்? விண்ணப்பம் வெளியான பின், காப்புரிமை கொடுக்கும் முன் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம் என்பது அருமையான ஏற்பாடு. தெரிந்தால்தானே எதிர்க்க. சர்வதேச வகைப்பாட்டில் தாள் பிரிப்பதெல்லாம் பி65எச் என்ற தலைப்பில் வருகிறது (நூல் சுற்றுவதும் கேபிள் சுருட்டுவதும்கூட அதற்குள்தான், அது வேறு வேடிக்கை). அந்தத் தலைப்பிலும், அச்சு எந்திரங்களுக்கான பி41எஃப் தலைப்பிலும் வெளியாகும் விண்ணப்பங்களை மாதம் ஒருமுறை இரண்டு பக்கத்தில் தமிழில் சுருக்கி அச்சகச் சங்கங்களுக்கு அனுப்புங்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டினாலே போதும். எது பழசு என்று டீ குடிக்கிற நேரத்தில் சொல்லிவிடுவார்கள்.

மொழி அடுத்த முட்டுக்கட்டை. விதிப்படி உங்களிடம் தரும் ஆவணங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். என் நண்பருக்குச் சாட்சி சொல்லக்கூடிய நான்கு பேரும் தமிழ் மட்டும் தெரிந்தவர்கள். அவர்கள் சொல்வதை மொழிபெயர்த்து உறுதிமொழிப் பத்திரமாக்கும்போது ‘கீற்று’ என்ன ஆகிறது தெரியுமா? ஆங்கிலத்தில் ‘ஃப்ளெக்சிபிள் எலிமென்ட்’ என்று என்னவோ ஆகி, அந்த நிறுவனம் தன் விண்ணப்பத்தில் எழுதியதைவிடப் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிகிறது. தமிழ் வாக்குமூலத்தை மூல வடிவிலேயே வாங்கிக்கொண்டு, மொழிபெயர்ப்பை அலுவலகமே செய்யலாம். மிஷின் ஓடும் வீடியோவையும், சாமானையே கொண்டுவந்து காட்டுவதையும் விசாரணையில் தாராளமாக அனுமதிக்கலாம்.

2024 மார்ச்சில் விதிகளைத் திருத்தி, அதுவரை கட்டணமின்றி இருந்த, காப்புரிமை கொடுக்கும் முன் எதிர்க்கிற இந்த முன்னெதிர்ப்புக்குக் கட்டணம் வைத்தீர்கள். எதிர்ப்பை விசாரணைக்கு எடுக்கலாமா என்று முதலிலேயே பார்க்கும் ஒரு வடிகட்டியும் வந்தது. வேலைவெட்டி இல்லாமல் எதிர்ப்பவர்களைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். அப்படிப்பட்டவர்கள் இருக்கலாம். ஆனால் மருந்துக் கம்பெனிகளின் சண்டைக்குப் போட்ட வேலியில் லேத் பட்டறைக்காரர் மாட்டிக்கொள்கிறார். பயன்பாட்டை மட்டும் ஆதாரமாக வைத்து நேரில் எதிர்க்கும் சிறு தொழில்காரருக்காவது அந்தக் கட்டணத்தை விலக்குங்கள். அந்த வடிகட்டியில் ‘அச்சான ஆவணம் எதையும் காட்டவில்லை’ என்ற ஒரே காரணத்துக்காக எதையும் தள்ளிவிடாதீர்கள்.

நண்பரின் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். நாங்கள் நான்கு பேர் கையெழுத்துப் போட்டோம். ஒரு பிரஸ்ஸின் பழைய பரண்மேல் தேடியதில், கீற்று மாட்டிய ஃபீடரின் பக்கத்தில் முதலாளி மாலையோடு நிற்கும் ஆயுத பூஜைப் போட்டோ கிடைத்தது, மூலையில் கேமரா அடித்த தேதியோடு. அதையும் இணைத்திருக்கிறோம். கீற்று சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் தெரிகிறது. பூஜைக்காக அதன்மேல் பொட்டு வைத்திருந்ததால் அந்த அளவாவது தெரிகிறது. எதிர்ப்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். இந்த விண்ணப்பத்தில் எங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. அதற்கு முறையான வழி இருக்கிறது, அதில்தான் போயிருக்கிறோம்.

கடைசியாக ஒன்று. தாள் எந்திர விண்ணப்பங்களைப் பார்க்கும் பரிசோதகர்களை வருடத்துக்கு இரண்டு நாள் இங்கே அனுப்புங்கள். சக்கர் ரப்பரைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும், காற்றைத் திருகிப் பார்க்கட்டும், டபுள் ஷீட் வந்து மிஷின் நிற்கிற சத்தத்தைக் கேட்கட்டும். எந்தக் கம்பெனியின் விருந்தாளியாகவும் வர வேண்டாம், எங்கள் தெருவில் நடந்து வந்தாலே போதும். ஆனால் ஆடிக்கு முன்னால் வரச் சொல்லுங்கள். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியாகிவிட்டால், அப்புறம் மார்கழி வரை மிஷின் பக்கத்தில் நிற்கக்கூட இடமிருக்காது.

இப்படிக்கு,
ஒரு ஃபீடர் மெக்கானிக்,
சிவகாசி